எங்கள் வீட்டில் எடுத்த படம்

1

பண்டிகை நாளில் டிவியில் அந்தத் தெலுங்குப் படத்தைத் தமிழில் போட்டார்கள். அன்றைக்கே என் சொந்த ஊர் சாத்தூரிலிருந்து ஒன்பது பேர் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பச்சைக் கிரில், கூடத்து மூலையில் இருக்கும் வாஷ்பேசின், எல்லாம் உங்கள் வீடு மாதிரியே இருக்கிறதே என்றார்கள். எங்கள் வீடுதான் என்றேன். அதற்கு மேல் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். வீடு நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் குடும்பம் விளங்காத குடும்பம். படத்தில் நல்லவர் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. என் மாமா மகள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக, "அந்த ஆத்தாக்காரியப் பாக்கையில செருப்பக் கழட்டலாம்போல வந்துச்சு மயினி" என்றாள். ஆமாம் என்றேன்.

வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று ஊர்ச் சங்கத்து மலருக்காக வருஷா வருஷம் கேட்கிறார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப்பிழை வரும், யாராவது சிரிப்பார்கள், அச்சில் வந்துவிட்டால் அழிக்க முடியாது என்று பயந்து தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். ஹைதராபாத்தின் சிறப்பைப் பற்றி எழுதுங்கள் என்கிறார்கள். இருபத்தாறு வருஷமாக இங்கே இருக்கிறேன். எனக்குத் தெரிந்த சிறப்பு, போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி எத்தனை மணிக்கு மேல் விலை இறங்கும் என்பதுதான். அதைத் தவிர ஒன்று தெரியும். அந்தப் படத்தில் ஒரு போலீஸ்காரர் வருகிற இடம் எப்படி வந்தது என்று தெரியும். என் மகளுக்கு நான் செய்த காரியம் அது. இந்த வருஷம் அதை எழுதுகிறேன்.

2

அப்போது வீட்டில் மூன்று பேர். என் வீட்டுக்காரர் கோவில்பட்டி பக்கம். சனத்நகரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பைத் தடவிப் பார்த்தே ஒரு நூல் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். எதிரே நிற்கிறவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியாது. மகள் நித்யா. இருபத்துநாலு வயது. குஷாய்குடாவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் இந்தி. ரொம்பக் கோபம் வந்தால் இங்கிலீஷ். இங்கிலீஷ் வந்துவிட்டால் தட்டை எடுத்துவைக்க வேண்டாம், அன்றைக்கு அவள் சாப்பிடமாட்டாள்.

அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பட்டறை ஆட்கள் முன்னால் அவளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், அன்றோடு சரி. "அவள வெளிய போகும்போது குடை எடுக்கச் சொல்லு" என்பார். அவள் மூன்றடி தள்ளி நின்று தலைவாரிக்கொண்டிருப்பாள். நான் திரும்பி, குடை எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்பேன். அவள் தெலுங்கில் ஒன்று சொல்வாள். அதை நான் அவரிடம் சொல்வேன், கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ. பல நாள் வேண்டுமென்றே கூட்டிச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்ற பயம்.

எனக்குப் பயம்தான் முழுநேர வேலை. நித்யா பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸை நினைத்துப் பயம், இறங்கினால் லாரியை நினைத்து. போனில் கூப்பிடுவேன். எடுக்காவிட்டால் அவளுடன் வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிடுவேன். அதுவும் எடுக்காவிட்டால் நிலையத்து வரவேற்பு மேஜையைக் கூப்பிடுவேன். ஒருமுறை யாருக்கோ ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவளை, வீட்டிலிருந்து அவசரம் என்று இழுத்துவந்து போனைக் கொடுத்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், எனக்கு ஏதாவது ஒன்று நடந்தால்தான் உனக்கு நிம்மதி அம்மா, அது வரைக்கும் நீ இப்படித்தான் காத்துக்கொண்டிருப்பாய் என்று. நான் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன். நெஞ்சு வலிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை வந்தது. கூடப் படித்த பெண் ஒருத்தி அங்கே இருக்கிறாள், அவள் பார்த்துச் சொன்னது. பாஸ்போர்ட் மட்டும்தான் வேண்டும். நித்யா மெயின் ரோட்டில் உள்ள நெட் சென்டருக்குப் போய் விண்ணப்பம் போட்டாள். கூட நானும் போனேன். அவளுடைய ஆதாரில் என் போன் எண்தான் இருந்தது, அதனால் அதையே போட்டுவிட்டார்கள். நான்தான் அதையே போடுங்கள் என்று சொன்னேன். அப்போது மனதில் எதுவும் இல்லை. என்ன செய்தி வந்தாலும் முதலில் எனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

விசாரணைக்கு வரும் கான்ஸ்டபிள் என் போனில் கூப்பிட்டார். பெண் எப்போது வீட்டில் இருக்கும் என்று கேட்டார். நாளைக்குப் பதினொன்றரை மணிக்கு வாருங்கள் என்றேன். பதினொன்றரைக்கு அவள் குஷாய்குடாவில் இருப்பாள்.

வந்தார். வெயில். கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு மோர் கொடுத்தேன். நித்யாவைக் கூப்பிடச் சொன்னார். "இக்கட உண்டதண்டி" என்றேன். இங்கே இருப்பதில்லை. பெங்களூர் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவள் போன் எண்ணைக் கேட்டார். தெரியாது, எங்களோடு அவள் பேசுவதே இல்லை என்றேன். இதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. நடிப்பு இல்லை. அவள் மஸ்கட் போய்விட்டதாகவே அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன், நிஜமாகவே அழுதேன். அவருக்கும் பெண் பிள்ளை இருக்கிறதாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான், மனதை விட்டுவிடாதீர்கள் அம்மா என்று ஆறுதல் சொல்லிவிட்டு, கையில் இருந்த பெரிய போனில் ஏதோ தட்டிக்கொண்டு போனார். நித்யாவின் துப்பட்டா, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகிலேயே கிடந்தது.

அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போனது. நித்யா பாஸ்போர்ட் ஆபீசுக்கு நாலு நடை நடந்தாள். மறுபடி எழுதிக்கொடுங்கள், மறுபடி விசாரணை வரும், மாதக்கணக்காகும் என்றார்கள். மஸ்கட்காரர்கள் அது வரை பொறுக்கவில்லை. வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அவள் அந்த விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

விட்டாளே தவிர, யார் சொன்னது என்பதை விடவில்லை. நான் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் வந்திருப்பார் என்று சொல்லிவைத்திருந்தேன். எதிர்வீட்டு சரோஜம்மாதான் என்று முடிவுகட்டினாள். சரோஜம்மா தெலுங்குக்காரி. நான் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் எனக்குத் தெலுங்கில் எண்ணக் கற்றுக்கொடுத்தவள். நித்யா பிறந்து நான் காய்ச்சலில் கிடந்தபோது பத்து நாள் சமைத்துக் கொண்டுவந்தவள். போலீஸ்காரர் வந்ததற்கு முந்தின வாரம் தண்ணீர் மோட்டார் விஷயத்தில் எங்களுக்கும் அவளுக்கும் சின்னதாக ஒரு வாக்குவாதம். அது போதுமாயிருந்தது. நித்யா தெருவில் நின்று, குழந்தை இல்லாதவளுக்கு அடுத்தவள் பெற்ற குழந்தை முன்னேறினால் வயிறு எரியத்தான் செய்யும் என்று கத்தினாள். தெருவே பார்த்தது. சரோஜம்மா கத்தியவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் குழாயைத் திறந்து குடம் நிறைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

படத்துக்காரர்கள் வந்தது அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து. இந்த ஊரில் அது பெரிய விஷயமில்லை. எங்கே பார்த்தாலும் ஷூட்டிங்தான். மேனேஜர் ஒருவர் வந்து கூடத்தில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். சுவரைப் பார்த்தார், மேலே மின்விசிறியைப் பார்த்தார், சமையலறை வாசலில் என் கை பட்டுப் பட்டுக் கறுத்த இடத்தைப் பார்த்தார். நாற்பது வீடு பார்த்துவிட்டோம் சார், இதுதான் வீடு என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குத் தாங்கமுடியாத பெருமை. பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். எதனால் எங்கள் வீடு என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. மேனேஜர் எல்லா மூலையையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

சினிமாவில் வரப்போகிறது என்றால் வீடு சுத்தமாக இருக்கவேண்டாமா. ஷூட்டிங்குக்கு மூன்று நாள் முன்னால் ஆள் வைத்து வெள்ளையடித்தோம். கிரில்லுக்குப் பச்சைப் பெயிண்ட். எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சோடாமாவு போட்டுத் தேய்த்தேன். புதுத் திரைச்சீலை வாங்கினேன். அவர்கள் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் என் வீட்டுக்காரரிடம், என்ன சார் இப்படிக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். இது சந்தோஷமான குடும்பத்து வீடு மாதிரி இருக்கிறதே என்றார்.

அப்புறம் இரண்டு நாள் ஆர்ட் ஆட்கள் உட்கார்ந்து எங்கள் வீட்டைப் பழையபடி ஆக்கினார்கள். போட்டோவை வைத்துக்கொண்டு, டீத் தண்ணீரும் கரியும் கலந்து, எந்த இடத்தில் எவ்வளவு அழுக்கு இருந்ததோ அவ்வளவும் பூசினார்கள். கூடத்துச் சுவரில் ஒரு கறை இருந்தது. என் வீட்டுக்காரர் எப்போதோ உப்பு கூடிவிட்டது என்று கிண்ணத்தை வீசியதில் வந்தது. அதை வரைவதற்கென்றே ஒரு ஓவியர். பொறுமையான மனிதர். சாம்பாரா ரசமா அம்மா என்று என்னிடம் கேட்டார். ரசம் என்றேன். அப்படியானால் கோடு மெல்லிசாக நீள இறங்கியிருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வரைந்தார். வரைந்து முடித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா பாருங்கள் என்றார். நான் பார்த்தேன். ஒரு சொட்டு குறைகிறது, அது என் பக்கத்தில் தெறித்தது என்றேன். அதையும் வைத்தார்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, என்னமா வரைகிறான் பார் என்று வியந்தார்.

4

அம்மா வேஷம் போட்டவர் செகந்திராபாத் தமிழ் அம்மா. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த குடும்பமாம். அறுபது வயதிருக்கும், நாடகத்தில் இருந்தவர். அவர் பேசும் தமிழில் பாதி உருது. டீ கொண்டுபோனால், "நக்கோ மா, இப்பதான் குடிச்சேன், நீங்க உக்காருங்க" என்பார். எதற்கும் "ஹவ்" என்று தலையாட்டுவார். ஷாட் இல்லாத நேரமெல்லாம் சமையலறைக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். வெண்டைக்காயை நான் எப்படி நறுக்குகிறேன், வீட்டுக்காரர் சாப்பிடும்போது எங்கே நிற்கிறேன், போன் எடுக்காவிட்டால் கையை என்ன செய்கிறேன், எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் ஒன்று சொல்லவேண்டும். இந்த ஊரில் எனக்குப் பேச ஆள் இல்லை. வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியும், பேச்சுதான் கிடையாது. மகளிடம் நான் பேசினால் திரும்பி வருவது தெலுங்கு. சரோஜம்மாவோடும் போச்சு. மார்க்கெட்டில் பேசுவது விலை. நான் ஒன்று சொல்லி, அதற்கு இன்னொருவர் தமிழில் "அப்புறம்?" என்று கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த அம்மா கேட்டார். ஆறு நாள் கேட்டார். நான் ஆறு நாளும் பேசினேன்.

பள்ளிக்கூடம் நின்றதை முதலில் சொன்னேன். சாத்தூரில் அப்போது தீப்பெட்டி ஆபீசிலிருந்து வீட்டுக்கே கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். பெட்டி ஒட்டவேண்டும். நான் ஏழாம் வகுப்புக்கு ஒரு மாதம் போகாததால் டீச்சர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் அம்மா வாசலிலேயே நின்று, "அவ இங்கன இல்லையே டீச்சர். விருதுநகர்ல அவ பெரியம்மா வீட்டோட விட்டாச்சு. இனிம வரமாட்டா" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் பசை காய்ந்த விரலோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு இருமல். டீச்சர் போகிற வரைக்கும் இருமாமல் அடக்கிவிட்டேன். அம்மா மேல் கோபம் வரவில்லை. இருமாமல் இருந்துவிட்டோம் என்ற பெருமைதான் வந்தது. அது எத்தனை வருஷம் கழித்துக் கோபமாக மாறியது என்றால், மாறவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைச் சொன்ன கையோடு மற்றதையும் சொல்லிவிட்டேன். கான்ஸ்டபிள், பதினொன்றரை மணி, மோர், பெங்களூர், எங்களோடு அவள் பேசுவதே இல்லை என்று அழுதது, நாற்காலியில் துப்பட்டா. சரோஜம்மா மேல் பழி போனது. எல்லாம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப பாரம் மா இது. யார்கிட்டயும் சொல்லலையா?" என்றார். உங்களிடம்தான் என்றேன். நித்யாவுக்குத் தெரிந்தால் அவள் இந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்கமாட்டாள் என்றேன். "ஹவ் மா, புரியுது" என்றார். அன்றைக்கு வெகுநாள் கழித்து எனக்குச் சாப்பாடு ருசித்தது.

5

படம் தியேட்டருக்கு வந்தபோது எங்களுக்கு மூன்று டிக்கெட் கொடுத்தார்கள். நித்யா வரமாட்டேன் என்றாள். நான்தான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். நம் வீடு பெரிய திரையில் வருகிறது, மூன்று பேரும் சேர்ந்து ஒரு இடத்துக்குப் போய் எவ்வளவு காலமாகிறது என்று சொல்லி, கொஞ்சம் நெஞ்சையும் பிடித்துக்கொண்டேன். அவள் வந்தாள்.

படத்தில் ஒரு அப்பா, ஒரு அம்மா, வளர்ந்த மகன் ஒருவன். யாரும் யாரையும் கொலை செய்யவில்லை. ஒருவரை ஒருவர் தின்றுகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான், எச்சில் தட்டைக் காலால் நகர்த்துவான். மகன் அம்மாவுக்குப் பைத்தியம் என்று சிநேகிதர்களிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பான். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடிக் கோள் மூட்டுவாள். இதில் யாரைப் பிடிக்கும் ஒருவருக்கு? தியேட்டரில் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண், "இதேம் தல்லி" என்று சலித்துக்கொண்டாள். இவள் என்ன தாய் என்று.

என் வீட்டுக்காரர் நன்றாக ரசித்துப் பார்த்தார். இடைவேளையில் பாப்கார்னைத் தின்றுகொண்டே, "அந்த அப்பன் சுத்த மிருகமால்ல இருக்கான். இப்படியும் இருப்பானுகளா" என்றார். எச்சில் தட்டை அவர் காலால் நகர்த்துவதை அப்பனாக நடித்தவர் ஆறு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இவருக்குத் தெரியவில்லை. நித்யாவுக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நானும் சிரித்தேன். அவளும் நானும் ஒரே விஷயத்துக்காகச் சிரித்தது அது ஒன்றுதான், அதுவும் அவரைப் பார்த்து.

இடைவேளைக்குப் பிறகு திரையில் எங்கள் கூடம், கடைசி நாள் எங்களை வெளியே அனுப்பிவிட்டு எடுத்த காட்சி போலிருக்கிறது. கிரில் கதவைத் தள்ளிக்கொண்டு கான்ஸ்டபிள் வருகிறார். அந்த அம்மா மோர் கொண்டுவருகிறார், கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு. பையன் எங்கே என்று அவர் கேட்கிறார். "இக்கட உண்டடண்டி." மகன் என்பதால் ஒரு எழுத்துதான் மாற்றம். பெங்களூர். ஒரு வருஷத்துக்கு மேல். போன் எண் தெரியாது, எங்களோடு பேசுவதே இல்லை. அழுகை. கேமரா மெதுவாக நகர்ந்து நாற்காலியின் முதுகில் கிடக்கும் அந்தப் பையனின் சட்டையைக் காட்டுகிறது.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நான் அழுததைவிட அந்த அம்மா நன்றாக அழுதார் என்று. அதற்குப் பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் நித்யா. நான் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை. படம் முடிகிற வரைக்கும் எங்களுக்கு நடுவில் இருந்த கைப்பிடியில் அவள் கை இருந்தது. அதை அவள் எடுக்கக்கூட இல்லை. எடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டீச்சர் வந்த கதையை அவர்கள் படத்தில் வைக்கவில்லை. கடைசி வரைக்கும் எதிர்பார்த்தேன். வரவில்லை. வைத்திருந்தால் அந்த அம்மாவைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும் போல, அதனால் வைக்கவில்லையோ என்னவோ.

6

வண்டி நிறுத்துகிற இடத்தில் வைத்துத்தான் கேட்டாள். தமிழில் கேட்டாள். பத்து வருஷத்தில் அவள் என்னிடம் முழுசாகத் தமிழில் கேட்டது அதுதான்.

"அவர் எத்தனை மணிக்கு வந்தாரு?"

"பதினொன்றரை."

"மோர் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"நான் பேசறதே இல்லைன்னு சொன்னியா?"

நான் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, என்ன மோர், யாருக்கு மோர் என்று கேட்டார். நித்யா நகரவில்லை, நான்தான் சொல்லவேண்டியிருந்தது. இரண்டு வரியில் சொன்னேன். அவர் வண்டியை அணைத்தார். என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நல்ல காரியம்தான் பண்ணிருக்க. எங்கிட்டச் சொல்லிருந்தா நானே அந்த ஆளுக்கு ரெண்டு வார்த்தை கூடச் சொல்லிருப்பேன். உனக்கு மண்டைக்குள்ள ஒண்ணுமில்லன்னுல்ல நெனச்சிருந்தேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னை மெச்சியது அந்த ஒரு தடவை. எழுதவே கூசுகிறது, அந்த நேரத்திலும் எனக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். நித்யா பார்த்துவிட்டாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அப்பாவிடம் நேராகப் பேசினாள்.

"ஷூட்டிங் முடிஞ்சிடுச்சுப்பா. இன்னும் எதுக்கு ரெண்டு பேரும் நடிக்கிறீங்க?"

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்குப் போனாள். நான் கிரில்லுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் வாசலிலேயே நின்று பேசினாள், அழுதாள். சரோஜம்மா உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் மோர் கொடுத்த அன்றைக்குப் பதினொன்றரைக்கு சரோஜம்மா வீட்டில்தான் இருந்தாளாம். வடகம் காயப்போட மாடிக்குப் போனவள் போலீஸ்காரர் வந்ததையும் போனதையும் பார்த்திருக்கிறாள். நித்யா தெருவில் நின்று கத்தியபோதே அவளுக்குத் தெரியும். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நித்யா கேட்டதற்கு, உனக்கு அவள் ஒருத்திதானே அம்மா, அவளையும் நான் எப்படிப் பறிப்பது என்றாளாம். இதை நித்யா வந்து என்னிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். வேண்டுமென்றே சொன்னாள். கேட்டு முடித்ததும் நான், அவள் எதற்கு மாடியிலிருந்து நம் வீட்டை வேவு பார்க்கவேண்டும் என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

நடிகை அம்மாவுக்குப் போன் செய்தேன். உங்களை நம்பித்தானே சொன்னேன், என் பிள்ளை போய்விடும் என்று சொன்னேனே என்றேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப நிதானமாகப் பேசினார்.

"நீங்க வீட்ல இருந்தீங்க மா. நான் வேலையில இருந்தேன். கேமரா இல்லைன்னா நான் வேலையில இல்லைன்னு நெனச்சிட்டீங்க."

அப்புறம், அந்த ஒரு காட்சிக்காகத்தான் தன்னை எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு நன்றி சொன்னார்.

7

நித்யா வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அன்றே பெட்டியைக் கட்டுவாள், நான் காலைப் பிடித்து அழுவேன் என்றெல்லாம் மனதில் ஓட்டிவைத்திருந்தேன். அவள் போகவில்லை. மஸ்கட்டிலேயே வேறொரு ஆஸ்பத்திரி கிடைத்தது. மறுபடி விசாரிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தாள், இந்தத் தடவை தன் போன் எண்ணோடு. இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தாள். வேளைக்கு வந்தாள், வேளைக்குப் போனாள், தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். எனக்கு ஆசை விட்டபாடில்லை. ஒரு நாள் அவளுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பு வைத்து, கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"நான் இங்க அட்ரஸுக்காக இருக்கேன் அம்மா" என்றாள். அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. நெட் சென்டர்க்காரரிடம் பேசுவது மாதிரி சொன்னாள்.

வேறு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். நித்யா லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அக்கம்பக்கத்து சாட்சிக்கு சரோஜம்மாவைக் கூட்டிவந்தாள். ஒன்றரை வருஷம் கழித்து சரோஜம்மா எங்கள் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தாள், உட்காரவில்லை. கான்ஸ்டபிள் எல்லாம் எழுதிக்கொண்டு, பழைய அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஏனம்மா, போன தடவை இல்லை என்று இருக்கிறதே, உங்கள் பெண் இங்கேதான் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "இக்கடே உண்டுந்தி சார்" என்றேன். இங்கேதான் இருக்கிறாள். நித்யா நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். போட்டோ எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னதும் எழுந்து கதவோரம் போய் நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். நீங்கள் வேண்டாம் அம்மா, விண்ணப்பதாரர் மட்டும் என்றார்.

பாஸ்போர்ட் தபாலில் வரும் என்று எனக்குத் தெரியும். எந்த நாளில் வரும் என்று தெரியாததால் தினமும் பத்து மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நானே வாங்கி, நானே அவள் கையில் கொடுக்கவேண்டும். அதை மட்டும் செய்துவிட்டால் கொஞ்சமாவது சரியாகிவிடும் என்று பட்டது. என் ஆதார் அட்டையையும் பேனாவையும் எடுத்து டிவி மேல் வைத்திருந்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் கொடுக்கவேண்டும், குங்குமம் வைத்துக் கொடுக்கலாமா, அது பிடிக்காமல் போய்விடுமா என்று எவ்வளவோ யோசனை. என்னையே நம்பாமல் இருந்ததும் உண்மைதான். கையில் கிடைத்தால் அரிசி டின்னுக்குள் போய்விடுமோ என்றும் ஒரு நினைப்பு வந்து வந்து போனது. போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தபால்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்தார். தெருமுனையில் பார்த்ததுமே அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். அவர் சைக்கிளை எங்கள் வீட்டுக்கு நேராகத்தான் நிறுத்தினார். உறையைக் கையில் எடுத்தார். நித்யா பெயர் போட்டிருப்பது எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். நித்யாவின் கையெழுத்து, அவள் அடையாள அட்டையின் நகல். அவள் இல்லாத நேரத்தில் எதிர்வீட்டில் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறாளாம், அவர் தெலுங்கில் படித்துச் சொன்னார். தப்பாக நினைக்காதீர்கள் அக்கா, இதில் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

சரோஜம்மா வெளியே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள். முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துவிட்டுத்தான் உறையைத் தொட்டாள். தெரு எட்டடி அகலம்கூட இருக்காது. நான் நின்றதை அவள் பார்த்தாள். ஏதாவது சொல்வாள், திட்டவாவது செய்வாள் என்று நின்றேன். அவள் உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அந்த வீட்டுக் கதவைப் பகலில் தாழ் போட்டு இந்த இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.